மீனை மோந்து பார்த்தால் போதுமா?

ஆலங்காயத்தில் கடல் இல்லை. ஜவ்வாது மலை அடிவாரம், மேலே போனால் காவலூர் வானாய்வகம், கீழே இறங்கினால் வாணியம்பாடி, ஆம்பூர் டேனரிகள். சென்னைக்குப் போக சாலை வழியாக 200 கிலோமீட்டருக்கும் மேல். ஆனாலும் கடல் மீன் இங்கேயும் வருது. சங்கரா, வஞ்சிரம், கானாங்கெளுத்தி எல்லாம் ராத்திரி வண்டி ஏறி, காலையில் தராசில் உட்கார்ந்துவிடும்.

மீன் வாங்கும்போது நம்ம வீட்டில் என்ன செய்வாங்க? செவுளைத் தூக்கி சிவப்பா இருக்கான்னு பார்ப்பாங்க. கண் பளபளன்னு இருக்கணும், உள்ளே குழிஞ்சிருக்கக் கூடாது. விரலால் அழுத்தினால் பள்ளம் நிற்கக் கூடாது. கடைசியா ஒரு தடவை மோந்து பார்த்து, "சரி, நல்லாத்தான் இருக்கு" என்று பையில் போடுவாங்க.

இது நல்ல சோதனைதான். தலைமுறை தலைமுறையா வந்த அறிவு. ஆனால் அது எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லுதுன்னு யோசிச்சிருக்கீங்களா? "இந்த மீன் கெட்டுப்போச்சா?" என்ற கேள்விக்குத்தான். "இந்த மீன் என்னை நோயில் தள்ளுமா?" என்பது வேறு கேள்வி. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளிதான் இன்றைய பாடம். பயோடெக் படிப்பவர்களுக்கு மட்டுமில்லை; மெக்கானிக்கல், இசிஇ நண்பர்களுக்கும் இதில் வேலை இருக்கு. கடைசி வரை படிங்க.

1. கெடுப்பவர் வேறு, நோய் தருபவர் வேறு

மீன் நாற்றத்துக்குக் காரணம் டிரைமீத்தைல் அமீன் என்ற வேதிப்பொருள். கடல் மீனின் தசையில் டிரைமீத்தைல் அமீன் ஆக்சைடு என்று ஒன்று இயல்பாகவே இருக்கும், அதற்கு வாடை கிடையாது. மீன் செத்த பிறகு ஷீவனெல்லா போன்ற பாக்டீரியாக்கள் அதை உடைத்து டிரைமீத்தைல் அமீனாக மாற்றும். சூடோமோனாஸ் வகைகளும் சேர்ந்து தசையைக் கெடுக்கும். இவை குளிருக்குப் பழகியவை, ஐஸுக்குள்ளேயும் மெதுவாக வளரும். மூக்கு கண்டுபிடிப்பது இவர்களைத்தான். இவர்கள் பெரும்பாலும் நமக்கு நோய் தருவதில்லை, மீனைச் சாப்பிட முடியாமல் ஆக்குவதோடு சரி.

நோய் தருபவர்களை, அவர்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்பதை வைத்து மூன்று கூட்டமாகப் பிரிக்கலாம்.

முதல் கூட்டம் கடலிலேயே வாழ்பவை. விப்ரியோ குடும்பம் இதில் முக்கியம். இவை இறால், நண்டு, சிப்பி, மீன் எல்லாவற்றின் மேலும் இயற்கையாகவே இருக்கும். யாரும் அழுக்கு செய்யத் தேவையில்லை.

இரண்டாவது கூட்டம் மனிதர் கையாலும் அழுக்குத் தண்ணீராலும் வருபவை. சால்மொனெல்லா, ஈ.கோலை, ஷிகெல்லா எல்லாம் கடலுக்குச் சொந்தமில்லாதவை. மீன் இறங்கும் தளம், கூடை, கழுவும் தண்ணீர், ஐஸ், கை என்று வழியில் ஏறிக்கொள்பவை. புண் உள்ள கையிலிருந்து ஸ்டாஃபிலோகாக்கஸ் வரும்.

மூன்றாவது கூட்டம் நேரடியாக நம்மைத் தாக்காமல், மீனிலேயே நஞ்சைத் தயாரித்து வைப்பவை. சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்களின் தசையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் அதிகம். மீனை வெயிலில் வைத்தால் மார்கனெல்லா போன்ற பாக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமினாக மாற்றும். சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, அரித்து, தலை வலிக்கும். "எனக்கு மீன் ஒத்துக்காது" என்று பலர் நினைத்துக்கொள்வது இதுவாகவும் இருக்கலாம். முக்கியமான விஷயம்: ஹிஸ்டமின் கொதிக்க வைத்தாலும் போகாது, வாடையும் காட்டாது.

இந்த மூன்று கூட்டமும் நோய் தரும் அளவுக்குப் பெருகிய பிறகும் மீன் பார்க்க நன்றாகவே இருக்கலாம். அதாவது மூக்கு முதல் ரவுண்டிலேயே அவுட். சரி, மூக்கு ஏமாறினால் ஆய்வகம் இருக்கே என்பீர்கள். வாங்க, ஆய்வகத்தையும் பார்த்துவிடுவோம்.

2. ஆய்வகமும் ஏமாந்த கதைகள்

1950-ல் ஜப்பானின் ஒசாகாவில் ஷிராசு என்ற பொடி மீன் சாப்பிட்ட 272 பேர் நோயில் விழுந்தார்கள், 20 பேர் இறந்தார்கள். ட்சுனெசாபுரோ ஃபுஜினோ என்ற ஆய்வாளர் அதிலிருந்து ஒரு புது பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார். இன்று அதன் பெயர் விப்ரியோ பாராஹீமோலிட்டிக்கஸ். வாயில் நுழையாத பெயர், அதனால் நாம் 'பாரா விப்ரியோ' என்று வைத்துக்கொள்வோம்.

அதற்குப் பிறகு கடலில் தேடினால் பாரா விப்ரியோ எங்கும் இருந்தது. அப்படியானால் கடல் மீன் சாப்பிடும் எல்லோருக்கும் ஏன் நோய் வரவில்லை? விடை ஒரு ரத்த அகார் தட்டில் கிடைத்தது. நோயாளிகளிடமிருந்து எடுத்த பாக்டீரியாக்கள் அந்தத் தட்டில் ரத்த அணுக்களை உடைத்தன. கடலிலிருந்து எடுத்தவை பெரும்பாலும் உடைக்கவில்லை. இதற்கு 'கனகாவா நிகழ்வு' என்று பெயர். ரத்த அணுவை உடைக்கும் அந்தப் புரதத்தை டிடிஎச் என்கிறார்கள். பாரா விப்ரியோவில் ஒரு சிறு பகுதியிடம் மட்டுமே அதற்கான ஜீன் இருக்கு.

அப்போ ரத்த அகார் தட்டு போதும் என்று நினைத்தார்கள். 1980-களின் நடுவில் மாலத்தீவில் வயிற்றுப்போக்கு பரவியபோது நோயாளிகளிடம் கிடைத்த பாரா விப்ரியோ, கனகாவா சோதனையில் 'நல்ல பிள்ளை' என்று பாஸ் ஆனது. தேடிப் பார்த்தால் டிடிஎச்சின் தம்பி மாதிரி இன்னொரு நச்சு அதனிடம் இருந்தது. அதற்கு டிஆர்எச் என்று பெயர் வைத்தார்கள். சோதனை தப்பாக நடக்கவில்லை, தேடிய அடையாளம்தான் முழுமையாக இல்லை.

இந்த மாதிரி ஒரு கதை நம்ம ஏரியாவிலும் நடந்திருக்கு. அதே விப்ரியோ குடும்பத்தின் மிகப் பிரபலமான உறுப்பினர் விப்ரியோ காலரே, காலராவைத் தருவது. இதில் நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. ஆனால் பெரிய கொள்ளைநோயைத் தருவது ஓ1 என்ற ஒரே வகைதான் என்று அப்போது வரை பாடப்புத்தகம் சொன்னது. ஆய்வகத்தில் ஓ1 எதிர்சீரத்தை ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பார்கள். பாக்டீரியா திரிந்து கட்டியானால் கொள்ளைநோய்க் காலரா; திரியாவிட்டால் அவ்வளவு பயமில்லை.

1992 கடைசியில் சென்னையில் அச்சு அசல் காலரா மாதிரியே நோயாளிகள் வந்தார்கள். பெரியவர்களும் நிறைய பேர். ஆனால் ஓ1 சொட்டு விட்டால் பாக்டீரியா திரியவே இல்லை. அதே காலத்தில் வேலூரிலும் இது தெரிந்தது. வேலூர் சிஎம்சி மருத்துவர்கள் 1993-ல் லான்செட் இதழில், தங்களிடம் வரும் காலராவில் ஓ1 அல்லாத வகை மேலோங்குவதை எழுதினார்கள். அந்தப் புது வகைக்கு ஓ139 என்று எண் கொடுத்தார்கள். வங்காள விரிகுடாக் கரையோரமாகப் பரவியதால் 'பெங்கால்' என்ற பட்டப்பெயரும் வந்தது. பிறகு ஜீன்களைப் படித்தபோது விஷயம் புரிந்தது: அது பழைய ஓ1 காலராதான், மேல் சட்டையை மட்டும் மாற்றிக்கொண்டு வந்திருந்தது. உள்ளே நச்சு ஜீன் அப்படியே இருந்தது.

1996-ல் வால்டோர், மெக்காலனோஸ் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் இன்னொரு அதிர்ச்சி தந்தார்கள். காலரா நச்சு ஜீனே பாக்டீரியாவுக்குச் சொந்தமில்லை. பாக்டீரியாவைத் தொற்றும் ஒரு வைரஸ் அதைச் சுமந்து வந்து கொடுக்கிறது. நம்ம மொழியில் சொன்னால் பென்டிரைவில் வந்த புரோகிராம் மாதிரி.

அதே 1996 பிப்ரவரியில் கொல்கத்தா மருத்துவமனைகளில் ஓ3:கே6 என்ற ஒரு பாரா விப்ரியோ வகை திடீரென்று அதிகமானது. அடுத்த சில வருஷங்களில் அதே வகை தென்கிழக்கு ஆசியா, ஜப்பான், அமெரிக்கா, சிலி வரை போய்ச் சேர்ந்தது. அதுவரை பாரா விப்ரியோ என்றால் அங்கங்கே தனித்தனியாக வரும் நோய். ஒரே வகை உலகம் சுற்றியது அதுதான் முதல் தடவை.

இப்போது ஆய்வகங்கள் பெயரை விட ஜீனைத்தான் தேடுகின்றன. மங்களூரு மீன்வளக் கல்லூரியில் இந்திராணி கருணாசாகர், இத்யா கருணாசாகர் குழு நம் கரையோரக் கடலுணவில் பிசிஆர் முறையில் இந்த நச்சு ஜீன்களைத் தேடியது. கொச்சியில் 1957-ல் தொடங்கிய மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம், சிஃப்ட் என்று சொல்வார்கள், கடலுணவு நுண்ணுயிரியலில் நாட்டின் முக்கிய ஆய்வகம். வளர்ப்புத் தட்டில் சிக்காததும் பிசிஆரில் சிக்கும்.

3. சரி, பிசிஆர் இருந்தால் தப்பிச்சோமா?

இங்கேதான் புள்ளியியல் பாடம் வருது. ஒரு லாரியில் வரும் மீன் பெட்டிகளில் 100-க்கு 1 பெட்டியில் ஆபத்தான பாக்டீரியா இருக்குன்னு வைத்துக்கொள்வோம். நீங்க ஏதோ 5 பெட்டியை எடுத்து, ஒரு குறையும் இல்லாத சோதனை செய்றீங்க. தப்பிப்போகும் வாய்ப்பு எவ்வளவு?

ஒரு பெட்டி சுத்தமாக இருக்கும் வாய்ப்பு 0.99. ஐந்தும் சுத்தமாக இருக்க 0.99-ஐ ஐந்து முறை பெருக்கணும். விடை சுமார் 0.95. அதாவது 100 லாரியில் 95 லாரி "ஓகே" முத்திரையோடு போகும். 60 பெட்டி சோதித்தாலும் தப்பும் வாய்ப்பு 55 சதவீதம். 95 சதவீத நம்பிக்கையோடு பிடிக்க வேண்டுமென்றால் சுமார் 300 பெட்டி சோதிக்கணும். அப்புறம் விற்க மீன் இருக்காது.

இதே சிக்கல் 1960-களின் தொடக்கத்தில் நாசாவுக்கு வந்தது. விண்வெளி வீரருக்கு அங்கே வயிற்றுப்போக்கு வந்தால் என்ன ஆகும்? சாப்பாட்டைத் தயாரித்த பில்ஸ்பரி நிறுவனத்தார் கணக்குப் போட்டார்கள். செய்ததில் பெரும்பகுதியைச் சோதித்தே தீர்க்கணும் போல இருந்தது. எனவே கேள்வியையே மாற்றினார்கள். கடைசிப் பொருளைச் சோதிப்பதற்குப் பதில், செய்யும் வழியில் எந்த எந்தப் படியில் தப்பு நடக்கலாம் என்று முன்கூட்டியே பட்டியல் போட்டு, அந்தப் படிகளை மட்டும் விடாமல் கண்காணிப்பது. பொறியாளர்கள் இயந்திரம் எங்கே பழுதாகும் என்று யோசிக்கும் அதே முறை. இதற்கு ஹாசப் என்று பெயர். ஆபத்துகளை அலசி, முக்கியமான கட்டுப்பாட்டுப் புள்ளிகளைப் பிடித்து வைப்பது என்று அர்த்தம்.

இந்தியாவுக்கு இந்தப் பாடம் வலியோடு வந்தது. 1997 ஆகஸ்ட்டில் ஐரோப்பிய ஒன்றியம் இந்தியக் கடலுணவுக்குத் தடை போட்டது. அதற்கு முன்பே சரக்குகளில் சால்மொனெல்லாவும் விப்ரியோவும் கிடைத்திருந்தன. வந்து பார்த்த ஆய்வாளர்கள் ஆலைகளின் சுகாதாரத்திலும் குறை கண்டார்கள். அதே வருஷம் டிசம்பரில் அமெரிக்காவும் கடலுணவுக்கு ஹாசப்பைக் கட்டாயமாக்கியது. பிறகு தரம் உயர்த்திய ஆலைகளுக்கு மட்டும் ஐரோப்பா ஒவ்வொன்றாக அனுமதி கொடுத்தது. இடையில் அடிபட்டவர்கள் யார்? இறால் உரிக்கும் கொட்டகைகளில் வேலை செய்தவர்கள். அதில் பெரும்பாலோர் பெண்கள். பாக்டீரியா அவர்கள் வயிற்றைக் கெடுக்கவில்லை, வேலையைக் கெடுத்தது.

4. நேரமும் வெப்பமும்: ஒரு கணக்கு

பாரா விப்ரியோவுக்குச் சாதகமான சூழலில் சுமார் 10 நிமிடத்துக்கு ஒரு முறை எண்ணிக்கை இரட்டிப்பாகும். மிக வேகமாக வளரும் பாக்டீரியாக்களில் இதுவும் ஒன்று. நம்ம ஊர் வெயிலில் மேசை மேல் கிடக்கும் மீனுக்கு, கொஞ்சம் குறைத்து 20 நிமிடம் என்று வைப்போம்.

ஒரு கிராமுக்கு 100 பாக்டீரியாவோடு ஆரம்பிக்கிறோம். 1 மணி நேரத்தில் 3 இரட்டிப்பு, 800. 2 மணி நேரத்தில் 6,400. 3 மணி நேரத்தில் 51,200. 4 மணி நேரத்தில் 4 லட்சத்தைத் தாண்டும். 100 கிராம் துண்டு ஒன்று சாப்பிட்டால் 4 கோடி. பாரா விப்ரியோ பொதுவாக நோய் தர, லட்சக்கணக்கில் உள்ளே போகணும். ஆரம்பத்தில் இருந்த 100 கிராமுக்கு 10,000 மட்டும் என்றால் பெரும்பாலும் ஒன்றும் ஆகியிருக்காது. ஆபத்தைக் கொண்டுவந்தது கடல் இல்லை, அந்த நாலு மணி நேரம்.

இப்போ அதே மீனை ஐஸில் வைங்க. 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே பாரா விப்ரியோ பெருகுவது ஏறக்குறைய நின்றுவிடும்.

இது வெறும் பேப்பர் கணக்கு இல்லை. ஜப்பானில் 1998-ல் மட்டும் பாரா விப்ரியோவால் 800-க்கும் மேற்பட்ட கொத்து நோய் நிகழ்வுகள் பதிவாயின. 2001-ல் புது விதிகள் வந்தன: பச்சையாகச் சாப்பிடும் கடலுணவை 10 டிகிரிக்குக் கீழே வைக்கணும், கரையோரக் கடல் தண்ணீரை அப்படியே எடுத்து மீன் கழுவக் கூடாது, சுத்திகரித்த தண்ணீர்தான். அடுத்த பத்து வருஷத்தில் அந்த எண்ணிக்கை தலைகீழாகச் சரிந்தது. கடலில் பாக்டீரியா குறையவில்லை. குளிரும் தண்ணீரும்தான் மாறின.

இன்னொரு சுவாரசியம். பாரா விப்ரியோ உப்பு விரும்பி. உப்பில்லாத தண்ணீர் அதற்கு எமன். அதனால் வீட்டில் மீனை நல்ல குழாய்த் தண்ணீரில் நன்றாக அலசுவதே ஒரு பாதுகாப்பு.

"நாங்க என்ன சூஷியா சாப்பிடுறோம்? குழம்பு கொதிக்க வெச்சா எல்லாம் செத்துடாதா?" என்று கேட்பது காதில் விழுது. விப்ரியோவும் சால்மொனெல்லாவும் நன்றாகக் கொதித்தால் செத்துவிடும், உண்மை. ஆனால் மூன்று ஓட்டைகள் இருக்கு. ஒன்று, மீன் வெட்டிய அதே அரிவாள்மனையில் வெங்காயம் அரிவது. குழம்பு கொதிக்கும், வெங்காயப் பச்சடி கொதிக்காது. இரண்டு, ஹிஸ்டமினும் ஸ்டாஃபிலோகாக்கஸ் நச்சும் கொதியில் போகாது. பாக்டீரியா சாகும், அது போட்ட விஷம் நிற்கும். மூன்று, சமைத்த பிறகு வெளியே வைப்பது.

மூன்றாவது ஓட்டை மீனுக்கு மட்டுமில்லை. சோற்றில் பேசில்லஸ் சீரியஸ் என்று ஒன்று இருக்கு. அதன் வித்துகள் வேகும்போதும் சாகாது. சோறு வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் கிடந்தால் முளைத்து, வாந்தி வரவைக்கும் நச்சைப் போடும். திரும்பச் சூடாக்கினாலும் அந்த நச்சு போகாது. பிரியாணி ஊர்க்காரர்களான நமக்கு இது தெரிஞ்சிருக்கணும். தம் உடைத்துச் சுடச்சுடப் போடும் பிரியாணியில் பயமில்லை. மதியம் மிச்சமானதை மூடி வைத்து ராத்திரி சாப்பிடுவதில்தான் இருக்கு.

5. டேனரிக்குத் தெரிந்த பாடம்

நம்ம பக்கத்துப் பிள்ளைகளுக்கு இந்தப் பாடம் பாதி ஏற்கெனவே தெரியும். பச்சைத் தோலை உரித்த சில மணி நேரத்தில் பாக்டீரியா வேலையை ஆரம்பித்துவிடும். அதனால் டேனரிக்கு வருவதற்கு முன்பே தோலில் உப்பு போடுவாங்க. உப்பு தண்ணீரை இழுத்துக்கொள்ளும், பாக்டீரியாவுக்குக் குடிக்கத் தண்ணீர் கிடைக்காது. கருவாட்டின் தத்துவமும் இதுவேதான். பாக்டீரியாவுக்குப் பயன்படும் தண்ணீர் எவ்வளவு என்பதற்கு 'நீர்ச் செயல்பாடு' என்று ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். சுத்தமான தண்ணீருக்கு அது 1. சுமார் 0.94-க்குக் கீழே போனால் பாரா விப்ரியோ வளராது. ஆனால் ஸ்டாஃபிலோகாக்கஸ் 0.86 வரை தாக்குப்பிடிக்கும். அரைகுறையாகக் காய்ந்த கருவாடு ஏன் ஆபத்து என்பது இதில் புரியும்.

உப்புத் தோலில் சில சமயம் சிவப்புத் திட்டுகள் வரும். அதே மாதிரி உப்பு மீனிலும் இளஞ்சிவப்புப் பூச்சு வரும். இரண்டுக்கும் காரணம் உப்பையே வீடாக்கிக்கொண்ட ஒரே வகை நுண்ணுயிர்கள். டேனரியும் கருவாட்டுக் களமும் ஒரே எதிரியோடு சண்டை போடுகின்றன.

ஆனால் தோல் பதனிடும் வேதிப்பொருள் தோலுக்குத்தான். 2018-ல் கேரளத்தில் 'ஆபரேஷன் சாகர் ராணி' சோதனைகளில் எல்லையில் பிடித்த மீனில் ஃபார்மலின் இருந்தது நினைவிருக்கா? ஃபார்மலின் பிணத்தையும் ஆய்வக மாதிரிகளையும் பாதுகாக்கப் பயன்படுவது. அதன் உள்ளே இருக்கும் ஃபார்மால்டிஹைடு புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான பொருள். கொச்சி சிஃப்ட் நிறுவனம் இதைக் கண்டுபிடிக்கச் சின்னக் காகிதப் பட்டை ஒன்றை உருவாக்கியது. மீன் மேல் தேய்த்து, ஒரு சொட்டு மருந்து விட்டால் சில நிமிடங்களில் நிறம் மாறிக் காட்டும்.

ஏன் ஒருவர் ஃபார்மலின் போடுகிறார்? ஐஸ் வாங்கும் காசையும் அதன் பாரத்தையும் மிச்சம் பிடிக்க. அதனால் நம் கவலை ஃபார்மலினோடு நிற்கக் கூடாது, ஐஸ் பற்றியும் இருக்கணும்.

6. எவ்வளவு ஐஸ்? மெக்கானிக்கல்காரர்கள் கவனிக்க

10 கிலோ மீன், 30 டிகிரியில் இருக்கு. 0 டிகிரிக்குக் கொண்டுவரணும். மீனின் தன் வெப்பம் கிலோவுக்கு, டிகிரிக்கு சுமார் 3.6 கிலோஜூல். 10 பெருக்கல் 30 பெருக்கல் 3.6, மொத்தம் 1,080 கிலோஜூல். ஒரு கிலோ ஐஸ் உருக 334 கிலோஜூல் எடுக்கும். வகுத்தால் சுமார் 3.2 கிலோ ஐஸ்.

ஆனால் இது மீனைக் குளிரவைக்க மட்டும். வழியெல்லாம் பெட்டியின் சுவர் வழியாக உள்ளே வரும் வெப்பத்துக்கு ஐஸ் தனியாக வேணும். அதனால்தான் வெப்ப நாடுகளில் மீனுக்குச் சம எடை ஐஸ் என்று பரிந்துரைக்கிறார்கள். மேலே ஒரு கை ஐஸ் தூவி, கீழே மீன் வெறும் தரையில் கிடந்தால் கணக்கு தப்பு. ஐஸ் கீழே, மீன் நடுவில், ஐஸ் மேலே, உருகிய தண்ணீர் வெளியே போக ஓட்டை என்று அடுக்கணும். அந்த ஐஸ் எந்தத் தண்ணீரில் செய்தது என்பதும் முக்கியம். அழுக்குத் தண்ணீர் ஐஸ் மீனைக் குளிரவைக்கும், கூடவே சால்மொனெல்லாவையும் தடவிவிடும்.

புராஜெக்ட் தேடும் நண்பர்களுக்கு மூன்று யோசனை:

- டிஎஸ்18பி20 மாதிரி விலை குறைந்த சென்சாரை மீன் பெட்டிக்குள் வைத்து, துறைமுகத்திலிருந்து ஆலங்காயம் வரை வெப்பநிலையைப் பதிவு செய்வது. எந்தப் படியில் 10 டிகிரியைத் தாண்டுது என்று தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது.
- உள்ளூரில் கிடைக்கும் பொருளால் மலிவான காப்புப் பெட்டி செய்து, தெர்மோகோல் பெட்டியோடு ஐஸ் உருகும் வேகத்தை ஒப்பிடுவது.
- பதிவான வெப்பநிலையை வைத்து, பாக்டீரியா எத்தனை முறை இரட்டித்திருக்கும் என்று கணக்கிடும் ஒரு சின்ன புரோகிராம்.

இவற்றில் எதையும் மீன்காரரைக் குற்றவாளியாக்கச் செய்யாதீங்க. நள்ளிரவில் எழுந்து, கடன் வாங்கி, வெயிலில் உட்காருபவர் அவர். அவருக்கு உதவும் பெட்டி செய்து கொடுங்க, சான்றிதழ் தானா வரும்.

7. ஹாஸ்டலிலும் வீட்டிலும்

2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஓர் எலக்ட்ரானிக்ஸ் ஆலையின் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதியில் சாப்பாடு கெட்டு, 150-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். உடன் வேலை செய்தவர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். ஆம்பூர், வாணியம்பாடி வழியாகப் போகும் அதே சாலைதான். நம் வயசுப் பெண்கள், நம்மைப் போலவே மெஸ்ஸில் சாப்பிடுபவர்கள். ஒரு பெரிய சமையலறையில் ஒரு படி தவறினால், ஒரு வீடு இல்லை, ஒரு விடுதியே விழும்.

அதனால் நினைவில் வைக்க:

- சமைத்ததை 2 மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீங்க. சூடான சாப்பாடு 60 டிகிரிக்கு மேல், குளிர்ந்தது 5 டிகிரிக்குக் கீழ். நடுவில் இருப்பதெல்லாம் பாக்டீரியாவின் மைதானம்.
- மீன், கறி வெட்டும் கத்தியும் பலகையும் தனி. முடியாவிட்டால் காய்கறியை முதலில் வெட்டி முடிங்க.
- சூரையும் கானாங்கெளுத்தியும் ஐஸில் இருந்தால் மட்டும் வாங்குங்க.
- ஃப்ரிட்ஜில் பச்சை மீன் கீழ்த் தட்டில், மூடி போட்டு. அதன் தண்ணீர் சாப்பாட்டில் சொட்டக் கூடாது.
- வயிற்றுப்போக்கு வந்தால் முதலில் ஓஆர்எஸ். ரத்தம் போனாலோ, சிறுநீர் குறைந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ மருத்துவரிடம் ஓடுங்க. ஆன்டிபயாட்டிக்கை நீங்களே வாங்கிப் போடாதீங்க.
- மெஸ் கமிட்டியில் இருப்பவர்கள், சாப்பாடு ருசியா என்று மட்டும் கேட்காமல், "எத்தனை மணிக்குச் சமைச்சது? எங்கே வெச்சிருந்தீங்க?" என்றும் கேளுங்க.

செவுளைப் பார்ப்பதையும் மோந்து பார்ப்பதையும் விட வேண்டாம். கெட்ட மீனை அது வடிகட்டும். ஆனால் அதோடு இன்னும் மூன்று கேள்வி சேர்த்துக்கோங்க: எப்போ வந்தது, ஐஸ் எவ்வளவு இருக்கு, எந்தத் தண்ணீரில் கழுவுனது? கடைக்காரர் முதல் நாள் சிரிப்பார். நாலு பேர் தொடர்ந்து கேட்டால், அடுத்த வாரம் ஐஸ் கூட வரும்.

வெப்பநிலைப் பதிவு புராஜெக்டை யாராவது எடுத்தால், வரைபடத்தோடு நம்ம இதழுக்கு எழுதுங்க. அடுத்த பாடத்தை அந்த வரைபடத்திலிருந்தே ஆரம்பிக்கலாம்.